மைதானம் இல்லாத பள்ளியும் பதக்க மேடையும்

தமிழ்நாட்டில் ஒரு மாணவி மாநிலத் தடகளப் போட்டியில் ஓட வேண்டுமானால் முதலில் குறுவட்டத்தில் ஜெயிக்க வேண்டும், பிறகு மாவட்டத்தில். இந்தப் படிகளில் வயதுக்குப் பிரிவு உண்டு: 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர். மாணவர், மாணவியருக்குத் தனிப் பிரிவு உண்டு. பள்ளியின் வகைக்குப் பிரிவு கிடையாது. மாநகராட்சிப் பள்ளி மாணவியும், தனிப் பயிற்சியாளரும் சொந்தத் திடலும் உள்ள மெட்ரிக் பள்ளி மாணவியும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுகிறார்கள். பார்வைக்கு இதைவிடச் சமமான ஏற்பாடு இல்லை. அந்தக் கோட்டுக்கு வந்து சேரும் வரை இருவருக்கும் என்னென்ன கிடைத்தன என்று கேட்கும்போதுதான் கணக்கு மாறுகிறது.

அரசுப் பள்ளிகளுக்குத் தனிப் போட்டி வேண்டுமா, ஒதுக்கீடு வேண்டுமா, அல்லது வேறு வழி உண்டா? சென்னையின் நிலைமையை முன்வைத்து இந்தக் கேள்வியை முழுமையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈக்காட்டுத்தாங்கலில் நின்று பார்த்தால்

ஈக்காட்டுத்தாங்கலில் நின்றால் இந்தக் கேள்வியின் எல்லா முனைகளும் சுற்றிலும் தெரியும். தெற்கே 1958-ல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை. வடக்கே அடையாற்றைத் தாண்டினால் ஜாபர்கான்பேட்டை, அசோக் நகர், கே.கே. நகர், நகரத்தின் பேர்பெற்ற தனியார் பள்ளிகள் சில அங்கே இருக்கின்றன. நூறடிச் சாலையில் 2015 முதல் மெட்ரோ ஓடுகிறது. பக்கத்திலேயே ஐ.டி. வளாகங்கள். லேத் பட்டறைத் தொழிலாளி, வளாகக் காவலாளி, துப்புரவுப் பணியாளர், மென்பொருள் பொறியாளர் எல்லோரும் ஒரே வட்டாரத்தில் வசிக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் மட்டும் வேறு வேறு.

இன்னும் சற்று தொலைவில் நந்தனம். ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. ஆசியாவிலேயே முதலாவது என்று சொல்லப்படும் உடற்கல்விக் கல்லூரி அது. உடற்கல்வி ஆசிரியர் என்ற தொழிலுக்கே நூறாண்டுகளுக்கு முன் அடித்தளம் போட்ட நகரம், தன் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த ஆசிரியரையும் ஒரு திடலையும் முழுமையாகக் கொடுத்திருக்க வேண்டும்.

போட்டிகளின் அமைப்பு

பள்ளிக் கல்வித் துறை ஆண்டுதோறும் குடியரசு தினத் தடகளப் போட்டிகளையும் பாரதியார் தினக் குழு விளையாட்டுப் போட்டிகளையும் நடத்துகிறது. இவற்றில் திறமை காட்டுவோர் மாநில அணிக்குத் தேர்வாகி, 1954-ல் அமைந்த இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிக்குப் போகிறார்கள். அந்தத் தேசியப் போட்டியில் மாநிலங்கள் மட்டும் அணி அனுப்புவதில்லை. சி.பி.எஸ்.இ. ஓர் அலகு, கேந்திரிய வித்யாலயா ஓர் அலகு, நவோதயா ஓர் அலகு. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் தங்களுக்குள் கிளஸ்டர் போட்டிகள் ஆடி, தனிப் பாதையில் தேசிய மேடைக்கு வந்துவிடலாம்.

இதைக் கவனிக்க வேண்டும். அரசுப் பள்ளிகளுக்குத் தனிப் பாதை என்றதும் தகுதிக்கு இழுக்கு என்று சிலர் பதறுகிறார்கள். பாடத்திட்டத்தின் பெயரால் தனிப் பாதை ஏற்கெனவே இருக்கிறது. அதில் பயணிப்பவர்களில் வசதி படைத்த பள்ளிகளே அதிகம். மாநிலப் பாதையில் அரசு, மாநகராட்சி, உதவி பெறும், மெட்ரிக் பள்ளிகள் சேர்ந்து மோதுகின்றன.

தமிழ்நாடு அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டியோ எல்லாப் பள்ளிகளையும் ஒரே தட்டில் வைக்கிறது. 2023-ல் விரிவாக்கப்பட்டபோது பள்ளி, கல்லூரி, மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர்கள், பொதுமக்கள் என்று ஐந்து பிரிவுகள் வகுத்தார்கள். மாநில அளவில் தனிநபர் முதலிடத்துக்கு 1 லட்சம், அடுத்த இரு இடங்களுக்கு 75 ஆயிரம், 50 ஆயிரம் ரூபாய் பரிசு. கட்டடத் தொழிலாளியின் மகளுக்கு இது குடும்பத்தின் பல மாத வருமானம். பிரிவுகளை வகுத்தவர்கள் உடல்நிலையையும் வயதையும் தொழிலையும் யோசித்தார்கள். பள்ளிகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வும் அதே யோசனைக்குள் வர வேண்டியது.

நிலம்: முதல் வேற்றுமை

பள்ளிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று ஆராய்ந்த சிட்டிபாபு குழு, மாநகராட்சிப் பகுதியில் தனியார் பள்ளிக்குக் குறைந்தது 6 கிரவுண்டு என்று அளவு சொன்னது. அதாவது 14,400 சதுர அடி. கட்டடமும் இதற்குள்தான். ஒரு கால்பந்துத் திடலுக்கு மட்டும் சுமார் 69,000 சதுர அடி தேவை. 400 மீட்டர் ஓடுபாதைக்கு ஏறத்தாழ 4 ஏக்கர். கபடி ஆடுகளம் 13க்கு 10 மீட்டர்; 1,400 சதுர அடியில் முடிந்துவிடும். வாலிபால் ஆடுகளம் 18க்கு 9 மீட்டர்.

சென்னையில் எந்தப் பள்ளி எந்த விளையாட்டில் முன்னே நிற்கிறது என்பதற்குப் பாதி விளக்கம் இந்த அளவுகளிலேயே கிடைக்கிறது. இடம் குறைந்த பள்ளி கபடியும் கோ-கோவும் வாலிபாலும் ஆடுகிறது. நீச்சல், டென்னிஸ், கூடைப்பந்து, கிரிக்கெட் எல்லாம் நிலமும் பணமும் கேட்பவை. ஏழைப் பிள்ளைக்குக் கபடிதான் பிடிக்கும் என்று சொல்வது தவறு. அவன் கையில் வேறு எதையும் நாம் கொடுத்துப் பார்க்கவே இல்லை.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டுத் திடலும் விளையாட்டுப் பொருள்களும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. நகரத்துப் பழைய மாநகராட்சிப் பள்ளிகளில் மாணவர் கூடக்கூட வகுப்பறைக் கட்டடங்கள் எழுந்தன. எழுந்த இடம் பெரும்பாலும் திடல்தான். பிரேயருக்கு நிற்கும் முற்றமே கிரவுண்டு, மழை பெய்தால் அதுவும் இல்லை என்ற நிலை பல பள்ளிகளில் உண்டு.

தனியார் பள்ளிகள் எல்லாம் வசதியானவை என்று எழுதுவதும் நேர்மை ஆகாது. மாடிக் கட்டடத்தில் நடக்கும் சிறு நர்சரி-மெட்ரிக் பள்ளிகளுக்கு முற்றம்கூடக் கிடையாது. மறுபுறம் சாந்தோம் புனித பீட்ஸ், மயிலாப்பூர் பி.எஸ். பள்ளி போன்ற பழைய நிறுவனங்களின் திடல்களில் நகரத்துக் கிரிக்கெட்டின் பெரும்பகுதி வளர்ந்தது. ரவிச்சந்திரன் அஸ்வின் பி.எஸ்.பி.பி.யிலும் புனித பீட்ஸிலும் படித்தவர். தினேஷ் கார்த்திக் எழும்பூர் டான் போஸ்கோ மாணவர். அவர்களின் உழைப்பை யாரும் குறைக்க முடியாது. அந்த உழைப்பு இறங்குவதற்கு வலையும் பிட்ச்சும் பள்ளியிலேயே இருந்தன என்பதும் உண்மை.

பொதுத் திடல்களின் கதையும் இதோடு சேர்ந்தது. 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி தன் 9 செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம் வாங்கத் தீர்மானித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. கைவிட்டது சரி. ஆனால் பள்ளியில் திடல் இல்லாத பிள்ளைக்கு மிச்சமிருக்கும் ஒரே இடம் மாநகராட்சித் திடல் என்பதை எவ்வளவு எளிதாக மறந்துவிடுகிறோம் என்பதை அந்தத் தீர்மானம் காட்டியது.

ஆசிரியரும் நேரமும் சாப்பாடும்

திடலுக்கு அடுத்தது பி.இ.டி. மாஸ்டர், அதாவது உடற்கல்வி ஆசிரியர். 2012-ல் தமிழ்நாடு அரசு உடற்கல்வி, ஓவியம், இசை, தொழிற்கல்விப் பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. மாதச் சம்பளம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. சம்பளம் பின்னர் 10,000, 12,500 என்று உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் இன்னும் போராடுகிறார்கள். காலை 6 மணிக்கு வந்து நின்று, மாலை இருட்டும் வரை அணியைப் பழக்கும் வேலையை மூன்று அரை நாளில் யாரும் செய்ய முடியாது. பெரிய தனியார் பள்ளியில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனிக் கோச் இருப்பார். அரசுப் பள்ளியில் ஒரே பி.இ.டி. சார் தடகளமும் கபடியும் பார்த்து, தேர்வுப் பணியும் செய்து, போட்டி நாளில் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக் கூட்டிப் போய்த் தன் பையிலிருந்து டீ-பன்னும் வாங்கிக் கொடுப்பார். இவர்களைப் போன்றவர்களின் தியாகத்தில்தான் அரசுப் பள்ளி விளையாட்டு இன்று வரை உயிரோடு இருக்கிறது. தனிமனிதத் தியாகத்தை நம்பி ஒரு துறையை நடத்துவது அரசுக்கு அழகு இல்லை.

விளையாட்டு நேரமும் பறிபோகிறது. கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் பி.டி. பீரியடைக் கடன் வாங்க வேண்டாம் என்று 2023-ல் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த வழக்கம் தனியார் பள்ளிகளிலும் உண்டு. சொல்லப்போனால் பத்தாம் வகுப்பு வந்ததும் அங்கே இன்னும் கடுமை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு மாலையில் அகாடமி இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த ஒரு பீரியட்தான் எல்லாம்.

மூன்றாவது, சாப்பாடு. 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு உரியது. அதிகாலையில் ஓடிப் பழகும் ஒன்பதாம் வகுப்பு மாணவி அதில் வரமாட்டாள். வீட்டில் அம்மா விடியற்காலையே வேலைக்குப் போய்விட்டால் பயிற்சி முடிந்து மதியச் சத்துணவு வரை பட்டினிதான். உடற்பயிற்சிக்குப் பிறகு புரதம் தேவை என்பதைப் பெரிய பள்ளிகளின் கோச்சுகள் அட்டவணை போட்டுக் கொடுக்கிறார்கள். இங்கே மதிய உணவின் முட்டைதான் புரதம்.

நான்காவது, தரையும் காலணியும். மண்ணில் வெறுங்காலோடு பழகியவர்கள் மாவட்ட, மாநிலப் போட்டிகளில் சிந்தெடிக் டிராக்கைச் சந்திக்கிறார்கள். ஸ்பைக் ஷூ இல்லாமல் அதில் நொடியின் பத்தில் ஒரு பங்கை மீட்பது கடினம். மண் தரையில் ஆடிய கபடி அணி செயற்கை விரிப்பில் (மேட்) ஏறும்போது திருப்பமும் பிடியும் மாறிப்போகின்றன. தோற்றபின் பேசும்போது "அவங்க பிராக்டீஸ் பண்ணது மேட்ல" என்பதுதான் பிள்ளைகள் சொல்லும் ஒற்றை வரி. அதில் பொறாமை இல்லை. சரியான கணிப்பு இருக்கிறது.

ஆள் சேர்க்கும் பள்ளிகள்

பள்ளி விளையாட்டில் அதிகம் புகையும் விவகாரம் ஆள்சேர்ப்பு. மாவட்டப் போட்டியில் ஒரு பையன் நன்றாக ஆடினால் மறு ஆண்டு அவன் வேறு சீருடையில் நிற்பான். கட்டணம் இல்லை, விடுதி இலவசம், ஷூ இலவசம் என்று தனியார் பள்ளி அழைத்திருக்கும். அவனைக் கண்டெடுத்து மூன்று ஆண்டு பழக்கிய பி.இ.டி. சாரின் பெயர் எந்தச் சான்றிதழிலும் வராது.

இதைக் குற்றம் என்று மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அந்தப் பையனுக்கு அது வாழ்க்கை. சதுரங்கத்தில் வேலம்மாள் பள்ளிகள் திறமையுள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்த ஆதரவும் பள்ளி வருகையில் காட்டிய தாராளமும் நாடறிந்தவை. 2024 டிசம்பரில் உலகச் சாம்பியன் ஆன குகேஷும், பிரக்ஞானந்தாவும் அங்கிருந்து வந்தவர்கள். தனியார் முயற்சி நாட்டுக்கு நன்மை செய்த இடம் இது.

அரசும் தன் பங்குக்கு ஆள் சேர்க்கிறது. 1992-ல் உருவான தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விளையாட்டு விடுதிகளில் பிள்ளைகளைச் சேர்த்துப் பக்கத்துப் பள்ளிகளில் படிக்க வைக்கிறது. விடுதிப் பிள்ளைகள் வென்றால் அந்தப் பள்ளியின் பெயர் மேலே வரும். ஆகவே, அரசுப் பள்ளி வென்றது என்ற செய்திக்குப் பின்னாலும் சில சமயம் சாதாரண அரசுப் பள்ளிக்குக் கிட்டாத வசதி இருக்கிறது.

சாதித்தவர்கள் சொல்லும் பாடம்

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு அரசுப் பள்ளி மாணவர். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அவர் தாண்டுவதைக் கண்டு உயரம் தாண்டுதலுக்குத் திருப்பினார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டிலிருந்து இந்திய அணி வரை போனார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத் தலைவி கண்ணகி நகர் கார்த்திகா. ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ். நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல அனுப்பப்பட்ட பெரும்பாக்கமும் அதே திசையில்தான் இருக்கிறது.

இந்தப் பெயர்களைக் காட்டி "திறமை இருந்தால் யாரும் வரலாம், எதற்குச் சலுகை?" என்று வாதிடுகிறார்கள். இவர்கள் நிரூபித்தது, திறமை எல்லா இடத்திலும் பிறக்கிறது என்பதை. ஒவ்வொருவர் கதையிலும் ஒரு தனிமனிதர், ஓர் ஆசிரியரோ உள்ளூர்ப் பயிற்சியாளரோ, குறுக்கே வந்து கை கொடுத்திருக்கிறார். அப்படி ஒருவர் வராத தெருக்களில் எத்தனை பேர் நின்றுபோனார்கள் என்ற கேள்விதான் இந்த வெற்றிகள் நமக்கு விட்டுச் செல்வது.

பிற நாடுகளின் பட்டறிவு

அமெரிக்க மாநிலங்கள் இந்த விவகாரத்தில் பல வழிகளைச் சோதித்துவிட்டன. டென்னசி, உதவித்தொகை கொடுத்து மாணவரைச் சேர்க்கும் தனியார் பள்ளிகளை 1997-ல் தனிப் பிரிவாக்கியது. அலபாமா தனியார் பள்ளி மாணவர் எண்ணிக்கையை 1.35 ஆலும், இல்லினாய் 2005 முதல் 1.65 ஆலும் பெருக்கி, அவற்றைப் பெரிய பள்ளிகளின் பிரிவில் ஆட வைத்தன. இந்தியானா வேறு வழி பிடித்தது: தொடர்ந்து வெல்லும் பள்ளி, அரசோ தனியாரோ, மேல் பிரிவுக்கு ஏற வேண்டும். இந்தக் கடைசி வழி கவனத்துக்குரியது. அது பள்ளியின் பெயர்ப்பலகையைப் பார்க்காமல் பலத்தைப் பார்க்கிறது.

இங்கிலாந்தில் தனியார் பள்ளியில் படிப்போர் 7 விழுக்காடு அளவில்தான். ஒலிம்பிக் பதக்கம் வென்ற அந்நாட்டவரில் அவர்கள் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. போட்டியை யாருக்கும் மூடாமலேயே ஏற்றத்தாழ்வு தானாக வளரும் என்பதற்கு இது சான்று.

இலங்கை சொல்லும் செய்தி நமக்கு நெருக்கமானது. கொழும்பில் 1880 முதல் மோதும் ரோயல் கல்லூரி அரசுப் பள்ளி, சென். தோமஸ் தனியார் பள்ளி. யாழ்ப்பாணத்தில் 1904 முதல் வடக்கின் பெரும்போர் ஆடும் மத்திய கல்லூரி அரசுப் பள்ளி; எதிரே பரி. யோவான் கல்லூரி. திடலும், பழைய மாணவர் ஆதரவும், தலைமுறை தலைமுறையான ஆட்ட மரபும் இருந்தால் அரசுப் பள்ளி எந்தத் தனியார் பள்ளிக்கும் சமமாக நிற்கும். பின்தங்கியதற்குக் காரணம் வசதியின்மை. அரசு என்ற சொல்லுக்கு அதில் பங்கில்லை.

எந்தத் தீர்வு?

முதல் யோசனை, அரசுப் பள்ளிகளுக்குத் தனிப் போட்டி. நன்மை உண்டு: அதிகம் பேர் ஆடுவார்கள், ஜெயித்துப் பழகுவார்கள். ஆனால் மாநில, தேசிய மேடை பொதுவானது. கடினமான எதிரணியைப் பார்க்காமலே வளர்ந்த அணி அங்கே போய் உடையும். "அது கவர்மெண்ட் ஸ்கூல் கப்தானே" என்று பதக்கத்தின் மதிப்பும் குறையும். தொடக்கநிலையில், குறுவட்டத்துக்கு முன்பாக, அரசுப் பள்ளிகளுக்கிடையே லீக் ஆட்டங்கள் நடத்தலாம். நாக்-அவுட்டில் ஒரு தோல்வியோடு ஆண்டு முடிந்துபோவதைவிட, பத்து ஆட்டம் ஆடித் தோற்பதில் கற்பது அதிகம். மாவட்டத்துக்கு மேல் பொதுப் போட்டியே சரி.

இரண்டாவது, ஒதுக்கீடு. தமிழ்நாட்டுக்கு இதில் முன்னோடி அனுபவம் இருக்கிறது. நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையை ஏற்று 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒரே தேர்வு எழுதினாலும் அதற்குத் தயாராகும் வாய்ப்பு ஒன்றாக இல்லை என்பதே அந்தச் சட்டத்தின் அடிப்படை. ஓடுபாதைக்கும் இதே நியாயம் சொல்லுக்குச் சொல் பொருந்தும். ஓட்டத்தில் முதலில் வந்தவரை இரண்டாவது என்று சொல்ல முடியாது; பதக்கத்தில் ஒதுக்கீடு கூடாது. ஆனால் பதக்கத்துக்கு முன்னால் இருக்கும் வாசல்களில், அதாவது விடுதிச் சேர்க்கை, பயிற்சி முகாம், உதவித்தொகை ஆகியவற்றில், ஒதுக்கீடு வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 500 இடங்களும் அரசு வேலையில் உள்ள 3 விழுக்காடும் யாருக்குப் போய்ச் சேருகின்றன என்பதை அந்த வாசல்களே தீர்மானிக்கின்றன.

இதில் ஒரு சிக்கல், உதவி பெறும் பள்ளிகள். 7.5 விழுக்காட்டுச் சட்டம் அவற்றைச் சேர்க்கவில்லை. பெரிய திடலுள்ள பழைய உதவி பெறும் பள்ளியும், ஓட்டுக் கட்டடத்தில் ஏழைப் பிள்ளைகளோடு நடக்கும் உதவி பெறும் பள்ளியும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே. விளையாட்டில் பள்ளி வகையை மட்டும் பார்க்காமல் திடல், பயிற்சியாளர், குடும்ப வருமானம் ஆகியவற்றையும் பார்த்து வரையறுத்தால் இந்த அநீதியைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது வழி, தயாரிப்பைச் சமமாக்குவது. மெதுவானது, செலவானது, நிலைத்து நிற்பது. அரசு சில அடிகள் எடுத்து வைத்திருக்கிறது. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று 2022-ல் அறிவித்தது. 2023-ல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை வந்தது. 2024-ல் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கு 33 வகைப் பொருள்கள் கொண்ட கலைஞர் விளையாட்டுத் தொகுப்பு போனது. அந்தத் தொகுப்பு ஊராட்சிகளுக்கு உரியது. ஈக்காட்டுத்தாங்கல் போன்ற நகர வட்டாரத்து ஏழைப் பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை. நகரம் என்றாலே வசதி என்ற எண்ணம் இன்னும் மாறவில்லை.

செய்ய வேண்டியவை

என் முடிவு இது: பதக்க மேடை பொதுவாகவே இருக்கட்டும். சமநீதியை அதற்கு முந்தைய ஆண்டுகளில் செய்து முடிக்க வேண்டும். அதற்கு ஐந்து காரியங்கள் உடனே தேவை.

முதலாவது, கணக்கு. குறுவட்டம் முதல் முதலமைச்சர் கோப்பை வரை பங்கேற்றவர், வென்றவர் எண்ணிக்கையைப் பள்ளி வகை வாரியாக ஒவ்வோர் ஆண்டும் வெளியிட வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று பிரித்துச் சொல்லும் துறைக்கு இது பெரிய வேலை இல்லை.

இரண்டாவது, ஆசிரியர். உடற்கல்வியில் பகுதிநேர முறையை முடித்து, உயர்நிலைப் பள்ளிதோறும் முழுநேர ஆசிரியரை நியமிக்க வேண்டும்.

மூன்றாவது, திடல். மாநகராட்சித் திடல்களில் காலையும் மாலையும் குறிப்பிட்ட நேரத்தை அருகிலுள்ள அரசுப் பள்ளிகளுக்கு எழுத்துப்பூர்வமாக ஒதுக்க வேண்டும். பெரிய தனியார் பள்ளிகள் சனிக்கிழமைகளில் தங்கள் திடலையும் கோச்சையும் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியோடு பகிர வேண்டும். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தில் ஐ.டி. நிறுவனங்கள் வகுப்பறைக்குத் தரும் பணத்தில் ஒரு பங்கு ஸ்பைக் ஷூவுக்கும் கபடி மேட்டுக்கும் போகட்டும். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து மீட்ட கிண்டி குதிரைப் பந்தய நிலம் சுமார் 160 ஏக்கர். பூங்காவும் நீர்நிலையும் அவசியம்தான். அவற்றோடு 4 ஏக்கரில், அரசுப் பள்ளிகளுக்கு முன்னுரிமை உள்ள ஓர் ஓடுபாதைக்கும் அங்கே இடம் உண்டு. ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டைப் பிள்ளைகளுக்கு அது அதிகத் தொலைவில்லை.

நான்காவது, உணவு. மாவட்ட அளவுக்குத் தேர்வான எந்த அரசுப் பள்ளி மாணவருக்கும், வகுப்பு எதுவானாலும், காலை உணவு கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது, ஆள்சேர்ப்புக்கு ஒழுங்கு. பள்ளி மாறும் உரிமையைப் பறிக்கக் கூடாது. ஆனால் விளையாட்டுக்காகச் சேர்த்த மாணவரின் சலுகைகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை, காயம் பட்டாலும், தொடரும் என்று பள்ளி எழுதித் தர வேண்டும். அவரை உருவாக்கிய பழைய பள்ளியின் பெயரும் ஆசிரியரின் பெயரும் சான்றிதழில் இடம்பெற வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் திடல் இருக்கிறதா, பி.டி. பீரியட் நடக்கிறதா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் அதைத் தீர்மானமாக எழுத வையுங்கள். மதிப்பெண்ணுக்காகக் கேட்கப் பழகிய நாம் மைதானத்துக்காகவும் கேட்டால்தான் அது கிடைக்கும்.